கேரவன் ஸ்லைடு அவுட்டில் தரை மாற்றும்போது பழைய வினைலின் மேலேயே ஒட்டலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். பழைய ஷூட்டிங் கேரவன் டிரெய்லர் ஒன்றை வாங்கி, அரியமான் கடற்கரைப் பக்கம் தோப்பில் நிறுத்தி, ராமேசுவரம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறீர்கள். பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு அவுட் அறையில் தரை வினைல் தேய்ந்து, முன்விளிம்பில் கிழிந்துவிட்டது. உள்வாசலைச் சுற்றியிருக்கும் ஓரப் பட்டைகள், அடித்திருந்த பின் ஆணிகள் துருப்பிடித்ததால் கழன்று வருகின்றன. வீட்டுக்குப் போடும் கிளிக் வகை எஸ்.பி.சி. பலகை (கல்பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, ஒன்றோடொன்று பூட்டும் தரைப் பலகை) வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதைப் பழைய வினைலின் மேலேயே மாட்டி, ஓரத்துக்குப் புதுப் பட்டை அடித்து, ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: வெளிச்சுவர் ஓரத்தில் மிதித்தால் லேசாக அமுங்குகிறது என்று. உங்கள் உண்மையான கேள்வி அதுதான். அடிப்பலகை நன்றாக இருக்கிறதா, இல்லையென்றால் எதுவரை பிரிக்க வேண்டும் என்பது தெரியாமல் மேலே எதைப் போடுவது என்று பேசிப் பயனில்லை.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தச்சுப் பக்கம் தொழில் பழகியவன். இப்போது மண்டபம் பக்கம் படகு கேபின் வேலையும் வேன், கேரவன் உள்வேலையும் செய்கிறேன். மரம், தரை, ஓரப் பட்டை, ரப்பர், சீலன்ட் இவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். மோட்டார், கன்ட்ரோல் போர்டு என் வேலை இல்லை. அறை கோணலாக நகர்ந்தாலோ ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினாலோ அதை மெக்கானிக் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் தரையில் கை வைக்க வேண்டும். உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: மேலேயே போட வேண்டாம், கிளிக் பலகையும் வேண்டாம், ஒரு சனி ஞாயிறும் போதாது.

காரணத்தைச் சொல்கிறேன். ஸ்லைடு அவுட் அறை மேசை இழுப்பறை மாதிரி உள்ளே போய் வெளியே வரும் பெட்டி. அதனால் இங்கே இரண்டு தரை உண்டு: பெட்டிக்குள் இருக்கும் தரை, அந்தப் பெட்டி உள்ளே வரும்போது அதற்கு அடியில் மாட்டிக்கொள்ளும் வண்டியின் உள்தரை. பெட்டிக்குள் 5 மி.மீ. கூடினால் நகர்வுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, எடைதான் ஏறும். வண்டியின் உள்தரையில் அதே 5 மி.மீ. கூடினால் பெட்டியின் அடிப்பாகம் அதில் உரசும், அல்லது அடியில் உருளும் ரோலர் புதுத் தரையைச் சுருட்டிக் கிழித்துவிடும். பலர் இரண்டுக்கும் ஒரே பலகையை வாங்கிப் போட்டுவிட்டு, முதல் தடவை அறையை உள்ளே இழுக்கும்போது சத்தம் கேட்டுத்தான் விஷயத்தை உணர்கிறார்கள்.

உங்கள் அறை எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வெளியே நீட்டிய நிலையில் அறையின் தரை உள்தரையைவிட ஒரு படி உயரமாக இருந்தால் சாதாரண வகை. இரண்டும் ஒரே மட்டமாக இருந்தால், வெளியே போகும்போது கடைசியில் சரிந்து கீழே இறங்கி, உள்ளே வரும்போது மேலேறும் வகை. இரண்டாவது வகையில் அளவில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடிமன் கூட்டினால் மறுபக்கமும் மட்டம் பார்க்க வேண்டும், அறை சரிந்து இறங்கும் பட்டையின் கோணமும் மாறிவிடும். எந்த வகையானாலும் இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாகப் பிடித்து, சின்ன பிளாஸ்டிக் தாளில் வைத்து, அறை வரும் பாதையில் உள்தரையின் மேல் நாலைந்து இடத்தில் வையுங்கள். அறையை மெதுவாக உள்ளே கொண்டுவந்து திரும்ப வெளியே நீட்டுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்களுக்கு இருக்கும் இடம். எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்காது. எங்கே மிகக் குறைவோ அதையே கணக்கில் எடுத்துக்கொண்டு, அதிலும் பாதிக்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. ஆள் ஏறி நடந்தால் பலகை வளையும், வண்டி சரிந்து நின்றால் இடைவெளி மாறும்.

இனி அந்த அமுங்குகிற ஓரம். தரையைத் தொடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடித்து அடிப்பக்கத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே போகட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, ஓட்டை எது என்று தெரியாமல் போகும். பெரும்பாலும் பார்க்கிற இடங்கள் இவை: அறையின் நான்கு மூலைகளிலும் வெளிப்பட்டைக்கு அடியில் வெடித்துப்போன சீலன்ட், ஜன்னலின் கீழ் விளிம்பு, ஏ.சி. தண்ணீர் வழியும் குழாய், பிறகு அறையின் கூரை. மழை பெய்து கூரையில் தண்ணீர் நிற்கும்போதே அறையை உள்ளே இழுத்தால், ரப்பர் வழித்தெடுக்காத தண்ணீர் நேராக உள்ளே வந்து தரை ஓரத்தில் இறங்கும். வாடகைக்கு விடும் வண்டியில் இது நடக்காமல் இருக்காது.

நம்ம கடற்கரையில் காற்றின் திசையும் சேர்ந்துகொள்கிறது. வண்டி பாக் விரிகுடாப் பக்கம் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று மழையைப் படுக்கை வாக்கில் அடிக்கும். அறை வடகிழக்கு நோக்கி நீண்டிருந்தால் அந்த ரப்பர் முழு மழையையும் வாங்குகிறது. வண்டியைத் திருப்பி நிறுத்த முடியுமானால், அறை தென்மேற்காகப் பார்க்கும்படி நிறுத்துங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்றிருந்தால் நான் இதை மாற்றிச் சொல்லியிருப்பேன். அங்கே தென்மேற்குக் காற்று மாதங்களில் உப்பும் மணலும்தான் பெரிய தொல்லை.

பிரிக்கும் வேலைக்கு முன், அறையை முழுதாக வெளியே நீட்டி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பாதி வழியில் நிறுத்திவிட்டு உள்ளே ஏறி வேலை செய்யக்கூடாது, அடியில் ஆள் போகவே கூடாது. ஓரப் பட்டைகளைக் கழற்ற அகலமான பட்டித் தகடு போதும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் சுவர்ப் பலகையில் குழி விழும். ஒவ்வொரு பட்டையின் பின்னாலும் எந்த இடம், எது மேல்பக்கம் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். வாசலைச் சுற்றி உட்பக்கம் வரும் அகலமான பட்டையை மட்டும் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்து, அதன் தடிமனை அளந்துகொள்ளுங்கள். அறை முழுதாக வெளியே போகும்போது அந்தப் பட்டைதான் ரப்பரைச் சுவரோடு அழுத்தி மூடுகிறது. புதுப் பட்டை தடித்துவிட்டால் அறை கடைசி வரை போகாமல் மோட்டார் திணறும். மெலிந்துவிட்டால் ரப்பர் அழுந்தாமல் மழை உள்ளே வரும். பார்க்க அலங்காரப் பட்டை மாதிரி இருப்பதால் கடையில் கிடைத்த அளவில் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்த அறையில் பாதி ஒழுக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வினைலை உரித்தபின் பலகையில் பின் ஆணி அடித்திருந்த வரிசையைப் பாருங்கள். பின்னைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது. இரும்புத் துருவும் மரத்தின் சாறும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும். கறுப்பு மட்டும் இருந்து மரம் கெட்டியாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஒரு குத்தூசியை எடுத்து வெளி ஓரம் முழுக்க, சாணுக்கு ஒரு இடமாக, சாய்த்துக் குத்திப் பாருங்கள். நல்ல பிளைவுட்டில் முனை அரை மி.மீ. இறங்கி நின்றுவிடும், எடுக்கும்போது சிம்பு நீளமாகப் பிய்ந்து வரும். உளுத்த பலகையில் ஊசி சத்தமே இல்லாமல் இறங்கும், சிம்பு சின்னச் சின்னத் துண்டாக உடையும். கெட்டது எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் நான்கு விரல் வரை நல்ல மரத்தையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். அறையின் அடிப்புறத்தையும் ஒரு தடவை பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் கறுப்புத் துணி போன்ற உறை கிழிந்திருந்தால், தண்ணீர் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் ஏறியிருக்கும்.

இங்கே உறுதியாகச் சொல்ல முடிந்ததையும் முடியாததையும் பிரித்துவிடுகிறேன். ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குள் கெட்டிருந்தால் நீங்களும் ஒரு நல்ல தச்சரும் சேர்ந்து சரிசெய்துவிடலாம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தாலோ, சுவர் உட்காரும் விளிம்பே உளுத்திருந்தாலோ, அறையை வண்டியிலிருந்து வெளியே எடுத்து முழுப் பலகையும் மாற்ற வேண்டிவரும். அதைத் தோப்பில் வைத்துச் செய்ய முடியாது. கிரேனும் மேற்கூரையும் உள்ள பட்டறை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நேரில் பார்க்காமல் யாரும் சொல்லக்கூடாது, நானும் சொல்லமாட்டேன்.

ஒட்டுப் போடுவதானால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள், பழைய பலகையின் அதே தடிமனில். பழையதையும் புதியதையும் நேருக்கு நேர் முட்ட வைக்காமல், இரண்டிலும் பாதித் தடிமனைப் படியாகச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்படி இணைத்து, எபாக்சியால் (இரண்டு பாகங்களைக் கலந்து போடும் பசை) ஒட்டுங்கள். மண்டபத்திலும் பாம்பனிலும் ஃபைபர் படகு வேலை செய்கிறவர்கள் பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி இழை விரிப்பும் வைத்திருப்பார்கள், விலையும் குறைவு. அது ஃபைபரோடு ஃபைபருக்கு நல்லது. மரத்தின் மேல் எபாக்சி அளவுக்குப் பிடிக்காது, சில வருடத்தில் தோல் மாதிரி உரிந்து வரும். அதனால் அவர்களிடம் வேலை கொடுத்தாலும் பொருள் எபாக்சியாக இருக்கட்டும். வெட்டின விளிம்பு ஒவ்வொன்றுக்கும் மெல்லிய எபாக்சி இரண்டு கை பூச வேண்டும். பிளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தில் அல்ல, விளிம்பில்தான். திருகு போகும் துளைகளைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவில் சரியான அளவுத் துளை போடுவது படகு வேலையில் பழக்கம். உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கும் அதையே செய்யுங்கள். பூசுவதற்கு முன் இன்னொன்றும் உண்டு. உப்பு படிந்த மரத்தை அப்படியே அடைத்தால் அந்த உப்பு உள்ளேயே இருந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து, அப்புறம் ஃபேன் போட்டுக் காய விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ராத்திரி ஒரு பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு விடியற்காலை பாருங்கள். உள்ளே பனி படிந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இது தோராயமான சோதனைதான். படியாவிட்டாலும் இன்னொரு நாள் விடுவது நல்லது. சனி ஞாயிறு போதாது என்று சொன்னதற்கு முக்கியக் காரணம் இந்தக் காயும் நேரம்தான். மாசி, பங்குனியில் செய்தால் வெயில் உங்கள் பக்கம் இருக்கும். ஐப்பசியில் பலகையைத் திறந்து போடாதீர்கள்.

தரைக்கு நான் சொல்வது ஒரே துண்டாக வரும் 2 மி.மீ. வினைல் ஷீட். கிளிக் பலகை வேண்டாம் என்பதற்குக் காரணம் எடை மட்டும் இல்லை. எடையும் இருக்கிறது: 5 மி.மீ. எஸ்.பி.சி. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ வரும், 2 மி.மீ. ஷீட் 3 கிலோவுக்குள் முடியும். எட்டுக்கு நான்கு அடி அறை என்று வைத்தால் வித்தியாசம் 20 கிலோ, அதை ஒவ்வொரு தடவையும் மோட்டார் தள்ள வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், கிளிக் பலகை எதிலும் ஒட்டாமல் மிதந்து, சூட்டுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்க இடம் கேட்கும் தரை. ஸ்லைடு அவுட்டில் சோபாவும் கட்டிலும் போல்ட் போட்டு தரையோடு முடுக்கப்பட்டிருக்கும். ஓர் இடத்தில் இறுகிவிட்டால் மற்ற இடத்தில் பூட்டுப் பிளக்கும். பூட்டி நிற்கும் வண்டியின் உள்ளே சித்திரை வெயிலில் 50 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் கடல் மணல் புகுந்து அரைக்கும். வாங்கின பெட்டியைப் பிரிக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஷீட் வாங்கும்போது மேலே இருக்கும் தேய்மானப் படலம் எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டு ரகத்தில் 0.2, 0.3 மி.மீ. இருக்கும், கடைகளுக்குப் போடும் ரகத்தில் 0.5 மி.மீ. மணல் காலோடு வந்து போகும் வண்டிக்கு இரண்டாவது வேண்டும். அட்டை ஒன்றில் அறையின் வடிவத்தை வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு ஷீட்டை வெட்டுங்கள். ஒரு நாள் நிழலில் விரித்துப் போட்டபின் வினைலுக்கென்றே விற்கும் அக்ரிலிக் பசையில் முழுத் தரையும் ஒட்டுங்கள். பிளைவுட்டில் மைக்கா ஒட்டும் ரப்பர் பசை வேண்டாம். வினைலில் இருக்கும் மென்மையூட்டி அந்தப் பசைக்குள் இறங்கி நாளடைவில் அதை இளக்கிவிடும். மூன்று சுவர் ஓரமும் ஷீட்டை இரண்டு விரல் மேலே ஏற்றி விடுங்கள், பட்டை அதை மறைத்துக்கொள்ளும். முன்விளிம்பில் ஷீட்டை வளைத்துக் கீழே இறக்கி, அலுமினியக் கோணப் பட்டைக்குள் முடியுங்கள். வெட்டின விளிம்பு ரோலரின் பாதையில் ஒருபோதும் நிற்கக்கூடாது. உங்கள் பழைய ஷீட் கிழிந்தது முன்விளிம்பில் என்றால், ரோலரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். உருளாமல் மணலில் இறுகிய ரோலர் தேய்த்துக்கொண்டே வரும், ஒரு பக்கம் தட்டையாகிவிடும். விரலால் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் மாற்றிவிட்டுத்தான் புதுத் தரை.

ஓரப் பட்டைக்கு எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஒரு வாடைக் காலத்தில் ஊதிவிடும். பி.வி.சி. பட்டை, அலுமினியம், அல்லது நல்ல தேக்கு போடலாம். பி.வி.சி. போட்டால் விரிய இடம் விடுங்கள்; 3 மீட்டர் நீளப் பட்டை 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 5 மி.மீ. நீளும், அதனால் துளையை நீளவாக்கில் போட்டுத் திருகை இறுக்காமல் நிறுத்த வேண்டும். தேக்கு போட்டால் முன்பக்கம் மட்டுமல்லாமல் பின்பக்கத்துக்கும் இரண்டு முனைக்கும் வார்னிஷ் பூச வேண்டும். பின் ஆணி அடிக்காதீர்கள், திருகு போடுங்கள். இரும்புத் திருகு இங்கே தாங்காது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்ட ஊர் இது. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகிலும் 304 ரகம் கடலோரத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறும், 316 கிடைத்தால் அதை வாங்குங்கள். அலுமினியப் பட்டையில் எஸ்.எஸ். திருகு போடும்போது இரண்டும் நேரடியாகத் தொடாமல் நைலான் வாஷரும் ஒரு சொட்டு சீலன்ட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரைந்து துளை பெரிதாகும்.

சீலன்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளி மூலைகளில் பழைய சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் வைப்பது பிடிக்காது. முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, பட்டைக்கு அடியில் ப்யூட்டைல் டேப்பும் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) விளிம்பில் பி.யு. (பாலியூரிதேன்) சீலன்ட்டும் போடுங்கள். ரப்பருக்குக் கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், ஊதி மிருதுவாகிப் போகும்; நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்ப்ரே போதும். வாடகைக்கு வருகிறவர்களிடம் இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லி ஒரு தாளில் எழுதி சுவிட்ச் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்: அறையை உள்ளே இழுப்பதற்கு முன் தரையைப் பெருக்க வேண்டும், மழை பெய்திருந்தால் கூரைத் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும்.

களிமண் சோதனையில் கிடைத்த அளவுகளையும், குத்தூசி இறங்கிய இடத்துக்குப் பென்சில் கோடு போட்ட படத்தையும், அறையின் அடிப்புறப் படம் இரண்டையும் இங்கே போடுங்கள். ஒட்டுப் போட்டால் போதுமா, பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த அமுங்குகிற ஓரத்தில் கட்டில் கால் நிற்காதபடி நகர்த்தி வையுங்கள். நகர்த்த முடியாமல் போல்ட் போட்டிருந்தால் அந்தக் கட்டிலில் ஆளைப் படுக்க விடாதீர்கள்.